அம்மாவின் பாட்டும் என் அரைக் கட்டையும்

1. கேட்கிற வேலை

எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்த முதல் நாள் என்னை வாசிக்கவே விடவில்லை. குழுவை நடத்திய தேவராஜ் அண்ணன் ஒரு கேசட்டைக் கையில் கொடுத்தார்.

"வாசிக்கறதுக்கு நம்ம பிள்ளையார்பாளையத்துல மட்டும் பத்து பேரு இருக்கறாங்க. கேக்கறதுக்குத்தான்பா ஆளு இல்ல. இத வூட்டுக்கு எடுத்துக்கினு போயி, எந்த வாத்தியம் எங்க வருதுன்னு எழுதிக்கினு வா. ஒண்ணு வுட்டாலும் இந்தப் பக்கம் வராத."

அப்படித்தான் நான் குழுவின் 'நோட்ஸ் எழுதுகிற ஆள்' ஆனேன். அந்த வேலை இப்போது இல்லை. பிள்ளைகளுக்கு எல்லாம் போனிலேயே கிடைத்துவிடுகிறது. அன்று ஒரு சினிமாப் பாட்டை மேடையில் வாசிக்க வேண்டுமென்றால், யாராவது ஒருவர் டேப்ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, ரீவைண்ட் பட்டன் தேயும்வரை கேட்டு, பிஜிஎம், இன்டர்லூட், ரிதம் எல்லாவற்றையும் ஸ்வரமாக எழுத வேண்டும். பக்கத்தின் தலையில் அந்தப் பாட்டு எத்தனை கட்டை என்று குறிக்க வேண்டும். கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்துப் பாடுகிறார்கள் என்பது. அரைக் கட்டை ஏறினால் பாடுகிறவர் தொண்டைக்கு உடனே தெரியும், கேட்கிறவர் காதுக்குப் பெரும்பாலும் தெரியாது.

பகலில் எனக்குப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. நெய்து வருகிற சேலைகளை வெளிச்சத்தில் விரித்துப் பிழை பார்ப்பது. பகலெல்லாம் சேலையில் பிழை, சாயங்காலம் பாட்டில் பிழை. "இவன் வீட்டில் குழம்புச் சட்டியைக்கூட மூடித்தான் வைத்திருப்பார்கள், பார்த்தால் பிழை சொல்லிவிடுவான்" என்று குழுவில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

எங்கள் ஊர் ரசிகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தறியில் உட்கார்ந்தால் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா இருக்கிறது. நாள் முழுக்க ரேடியோ. ஒரு கச்சேரி முடிந்ததும் ஏகாம்பரம் என்கிற நெசவாளர் மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, ரெண்டாவது சரணத்துக்கு முன்னால புல்லாங்கொழலு மூணு தபா வரணும். நீங்க ரெண்டோட நிறுத்திட்டீங்க. எங்கியாச்சும் அவசரமா போவணுமா?"

வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். மூன்றுதான். இப்படிப்பட்டவர்கள் முன்னால் வாசித்துத்தான் எங்கள் பேனரில் 'ரெக்கார்டு மாதிரியே' என்று எழுதும் தைரியம் வந்தது. அந்த வார்த்தையை எழுதச் சொன்னவன் நான்தான்.

2. அம்மா

எங்கள் குழுவில் பெரிய பாடகர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. பாடகரை ஐயா என்போம், இசையமைப்பாளரை மாஸ்டர் என்போம், அந்தப் பெரிய பாடகியை அம்மா என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று அவரவர் மனதில் ஒரு குரல் ஓடும். ஓடட்டும்.

அம்மாவின் பாட்டுக்கு நோட்ஸ் எழுதுவது தனி அனுபவம். வாத்தியத்தை எழுதத்தான் உட்காருவேன். குரல் வந்ததும் பென்சில் நின்றுவிடும். ஒரு வரியை இருநூறு முறை கேட்டாலும் சலிக்காது. அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லின் நடுவே எடுத்திருப்பார் போலிருக்கிறது, ஆனால் சொல் உடையவில்லை. கோரஸில் பின்வரிசையில் நின்று தொடங்கியவர், பல வருஷம் மைக்குக்குப் பக்கத்திலேயே விடவில்லை என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். அந்தக் காத்திருப்புதான் அவர் குரலில் இருந்த பொறுமையோ என்னவோ.

ஒரே ஒரு முறை நேரில் பார்த்தேன். வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க எங்கள் சங்கத்துக்கு வந்தார். எனக்குக் கை ஓடவில்லை. அவர் ஒரு அரக்குச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டார். முந்தானைக்குக் கொஞ்சம் மேலே ஓர் இழை தப்பியிருந்தது. என் தொழில்புத்தி சும்மா இருக்குமா?

"அம்மா, இதுல ஒரு பிழை இருக்குதும்மா. வேற எடுத்துத் தரேன்."

விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "மனுஷங்க செஞ்சதுதானேப்பா. இதையே கட்டிக் குடுங்க" என்றார்.

நான் அவர் பாட்டையெல்லாம் எழுதி வாசிக்கிறவன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமலேயே சேலையைக் கட்டிக் கொடுத்தேன். அவர் போனபிறகு அன்று முழுக்க என்னால் எந்தச் சேலையிலும் பிழை பார்க்க முடியவில்லை.

3. தபால் பாட்டு

சுலோச்சனா வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அங்கே ஓர் அரிசி ஆலையின் ஆபீஸில் வேலை. எங்கள் குழுவில் பத்து வருஷம் அம்மாவின் பாட்டையெல்லாம் அவள்தான் பாடினாள். மேடையில் கையைக் காலை ஆட்டமாட்டாள், சிரிக்கமாட்டாள், நின்ற இடத்தில் நின்று பாடுவாள். கூட்டம் தானாக அமைதியாகிவிடும்.

அவளுக்காகவே ஒரு சிவப்பு அட்டை நோட்டில் அம்மாவின் பாட்டுகளை அறுபது எழுதினேன். பாட்டுகளுக்கு நாங்கள் பட்டப்பெயர் வைப்போம். கடிதத்துக்குக் காத்திருக்கிற பெண் பாடும் பாட்டுக்குத் தபால் பாட்டு என்று பெயர். அதில் கடைசிச் சரணத்தில் ஓர் ஏற்றம் வரும். நோட்டின் தலையில் 'ஐந்து கட்டை' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். ஐந்து கட்டையில் அந்த ஏற்றம் சாதாரணமில்லை. சுலோச்சனா பத்துக்கு எட்டு முறை தொட்டுவிடுவாள். இரண்டு முறை குரல் பிசிறும்.

"அண்ணே, வூட்டுல பாடறப்ப வருதுண்ணே. ரேடியோவோட சேந்து பாடறேன், அப்பக்கூட வருது. இங்க வந்தா வர மாட்டேங்குது" என்று ஒருநாள் சொன்னாள்.

"வீட்ல எல்லாரும் பாடகிதான்" என்றேன்.

எவ்வளவு பெரிய உண்மையை அவள் என் கையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள் பாருங்கள். நான் அதை வாங்கக்கூட இல்லை.

ஒரு கோயில் உற்சவக் கச்சேரி. தெரு கொள்ளாத கூட்டம். மேடை ஏறுவதற்கு முன்னால் அவள் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, தொண்ட கட்டிக்கினு இருக்குது. தபால் பாட்ட மட்டும் அரைக் கட்ட எறக்கிக்கலாமாண்ணே?"

தேவராஜ் அண்ணன் சரி என்றுதான் தலையாட்டினார். நான்தான் விடவில்லை. "அம்மா பாடனது அஞ்சு கட்ட. பேனர்ல என்ன எழுதியிருக்குது, பாத்தியா?"

பாடினாள். ஏற்றத்தில் குரல் உடைந்தது, நன்றாகவே உடைந்தது. பின்னாலிருந்து நாலு பேர் விசில் அடித்தார்கள். கச்சேரி முடிந்து எல்லோரும் வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது, குழு மொத்தமும் கேட்க நான் சொன்னேன்: "ஒரிஜினல் சுருதியில பாட முடியாதவங்க அம்மா பாட்டத் தொடவே கூடாது."

சுலோச்சனா சால்வையை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு ரிகர்சலுக்கு வரவே இல்லை. தேவராஜ் அண்ணன் இரண்டு முறை வாலாஜாபாத்துக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார், நான் போகவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் ஒரு கட்டைகூட இறக்கிக் கொடுத்தோம். கொள்கை, கத்தரிக்காய் எல்லாம் அவள் ஒருத்தியோடு போயிற்று.

4. திவ்யா கேட்ட கேள்வி

தேவராஜ் அண்ணன் காலமாகி, குழு என் பொறுப்புக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது முதல் கீபோர்டு வாசிப்பவள் திவ்யா. என்ஜினீயரிங் படித்தவள், விரல் மின்னல். நான் இரண்டாவது கீபோர்டில் உட்கார்ந்து வயலின் டோன் மட்டும் போடுகிறேன்.

சமீபத்தில் அம்மா காலமானார். எங்கள் ஊர் நெசவாளர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு பாட்டு அஞ்சலி ஏற்பாடு செய்தார்கள். முன்னால் நின்றவர், புல்லாங்குழலை எண்ணிய அதே ஏகாம்பரம். "நம்ம அம்மாவுக்கு நாம செய்யாம யாருபா செய்வாங்க? இந்தத் தபா எறக்கறது கிறக்கறது ஒண்ணும் வாணாம். அம்மா பாடன சுருதியிலேயே பாடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். நான் மகிழ்ந்துபோய்ச் சிவப்பு நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். திவ்யா அதைப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ரிகர்சலில் அந்தப் படத்தைப் போனில் என் முன்னால் நீட்டினாள்.

"அங்கிள், தபால் சாங்க எந்த வெர்ஷன்ல இருந்து எழுதினீங்க?"

"வெர்ஷன் என்னம்மா வெர்ஷன்? அம்மா பாடினது ஒண்ணுதான்."

"இல்ல அங்கிள், நீங்க அஞ்சு கட்டன்னு போட்டிருக்கீங்க. ஒரிஜினல் நாலரைதான். நான் போனோட சேத்து வாசிச்சேன், ஒட்டவே மாட்டேங்குது. வேற நாலு சாங்கும் செக் பண்ணிட்டேன். எல்லாமே அரைக் கட்ட ஜாஸ்தியா இருக்குது."

"போன் தப்பா இருக்கும்" என்றேன். அவள் சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது. போனை மேஜையில் வைத்துப் பாட்டை ஓடவிட்டாள், நான் கீபோர்டில் விரல் வைத்தேன். நாலரை. இன்னொரு இடத்திலிருந்து எடுத்துப் போட்டாள். அதுவும் நாலரை. அறுபதையும் போடச் சொன்னேன். பதினைந்தாவது பாட்டில் நானே நிறுத்தச் சொன்னேன்.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தேன். மற்ற நோட்டுகள் சரியாக இருக்கின்றன, சிவப்பு நோட்டு மட்டும் எப்படித் தவறும்? மெல்ல மெல்ல நினைவு வந்தது. சிவப்பு நோட்டு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என் டேப்ரெக்கார்டரில் பாட்டு இழுக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது. மோட்டாரின் பின்னால் ஒரு சின்னத் துளை உண்டு, அதற்குள் ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகினால் வேகம் கூடும். வாட்ச் ரிப்பேர்காரரிடம் ஸ்க்ரூ டிரைவர் கடன் வாங்கி நானே திருகி, இழுப்பைச் சரிசெய்தேன். ஒரு வாரம் கழித்துப் புதுப் பெல்ட் கிடைத்தது, மாட்டினேன். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மெஷினில் எழுதியது சிவப்பு நோட்டு ஒன்றைத்தான்; அடுத்த நோட்டுக்குள் வேறு மெஷின் வாங்கிவிட்டேன்.

அவ்வளவுதான். புதுப் பெல்ட், முறுக்கிவிட்ட மோட்டார். டேப் வேகமாக ஓடினால் பாட்டும் வேகமாகும், சுருதியும் ஏறும். அறுபது பாட்டையும் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் எழுதினேன், அடிக்கோடும் போட்டேன்.

அம்மாவின் உண்மையான குரலை அன்று மாலைதான் முதல்முறையாகக் கவனித்துக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். நான் எழுதிய குரல் கொஞ்சம் மெலிந்தது, சின்னப் பெண்ணின் குரல். உண்மைக் குரல் இன்னும் கனமானது, நிதானமானது. அந்தப் பெரிய ஏற்றத்தில் அம்மா பதறவே இல்லை. மாடிப்படி ஏறுகிறவர்போல் சாதாரணமாகப் போய்விட்டு வருகிறார். எத்தனை பெரிய பாடகி! இத்தனை வருஷம் தலையில் வைத்துக் கொண்டாடியும் அவரை அரைக் கட்டை தள்ளித்தான் கொண்டாடியிருக்கிறேன். அழுதேன். அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்லை.

5. வாலாஜாபாத்

சுலோச்சனா இப்போது வாலாஜாபாத் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் "எத்தினி காப்பி?" என்றாள். பிறகுதான் அடையாளம் தெரிந்தது. முகம் இறுகியது.

நான் சுற்றி வளைக்கவில்லை. பெல்ட், ஸ்க்ரூ எல்லாவற்றையும் சொன்னேன். போனில் பாட்டைப் போட்டேன். திவ்யா என் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த சுருதிப் பெட்டி ஆப்பில் நாலரை வைத்தேன், பொருந்தியது. ஐந்து வைத்தேன், காதில் குத்தியது. ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"அப்போ என் தொண்டையில கோளாறு இல்லியா?"

"இல்லம்மா."

"அதுக்கப்பறம் நான் பாடவே இல்லண்ணே. கொழந்தைங்களுக்குத் தாலாட்டுகூட டேப்புலதான் போட்டேன். பாட வந்தா நீங்க சொன்னது வந்து நிக்கும். அம்மா பாட்டத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே."

எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னித்துவிடு என்றேன். அஞ்சலிக் கச்சேரியில் அவள்தான் தபால் பாட்டைப் பாட வேண்டும் என்றும் கேட்டேன். அதை அவள் ஏற்றுக்கொண்டு சிரிப்பாள் என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இங்க வந்து கடையில தனியா சொல்றீங்க. அன்னிக்கி எல்லார் எதிர்லியும்தானே சொன்னீங்க? இதையும் எல்லார் எதிர்லியும் சொல்லுங்க. கூட்டத்துல உக்காந்து கேக்கறேன். அப்பறம் பாடறதா வாணாமான்னு பாத்துக்கறேன்."

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. குழுவினரிடம் சொல்லிவிடலாம், அது கஷ்டமில்லை. எங்கள் ஊர் நெசவாளர்கள் முன்னால், 'ரெக்கார்டு மாதிரியே' பேனருக்குக் கீழே நின்று, ரெக்கார்டு மாதிரி இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு ஊரில் இருந்த சொத்து அந்தப் பெயர் ஒன்றுதான். ஏகாம்பரத்திடம் தபால் பாட்டை மட்டும் சொன்னபோது அவரும் தயங்கினார். "நாப்பது வருஷப் பேருபா. கமுக்கமா நாலரையில பாடிட்டுப் போயிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவருக்கு என்மேல் இருந்த பிரியம் அது. எனக்கும் ஒரு நாள் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

6. அஞ்சலி

கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாவின் படத்துக்கு மல்லிகை மாலை. நாலாவது வரிசையில் சுலோச்சனா உட்கார்ந்திருந்தாள். தபால் பாட்டின் முறை வந்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தேன். மேடையில் நாற்பது வருஷம் வாசித்திருக்கிறேன், பேசியதில்லை.

சொன்னேன். சிவப்பு நோட்டை உயர்த்திக் காட்டிச் சொன்னேன். ஸ்க்ரூவைச் சொன்னேன். உற்சவக் கச்சேரியன்று குழுவின் முன்னால் நான் பேசிய வாக்கியத்தை அப்படியே திரும்பச் சொன்னேன்.

"சுலோச்சனா தொண்டையில எந்தக் குறையும் இல்ல. அம்மா பாடினதுக்கு அரைக் கட்ட மேல பத்து வருஷம் பாடினாங்க. பத்துக்கு எட்டு தடவ சரியா பாடினாங்க. மிச்ச ரெண்டும் என் தப்பு."

முன்வரிசையிலிருந்து ஏகாம்பரம் எழுந்தார். "அறுவது பாட்டுமாபா தப்பு?"

"அறுபதும்தான்."

"கொழலு எத்தினி தபா வருதுன்னு எண்ணிக்கினு இருந்தேன். இத வுட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். மண்டபம் சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது.

சுலோச்சனா எழுந்தாள். நேராக மேடை ஏறி வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. திவ்யாவிடம் "நாலரை வைம்மா" என்றாள்.

பல்லவியை எடுத்தபோது குரல் நடுங்கியது. முப்பது வருஷம் பாடாத தொண்டை. முதல் சரணத்தில் தெளிந்தது. அதே நிற்கிற விதம், கை ஆடவில்லை. கடைசிச் சரணம் வந்தது. நான் வயலின் டோனில் விரலை வைத்துக்கொண்டு வாசிக்க மறந்துவிட்டேன். ஏற்றத்தில் போனாள், பாதியில் குரல் பிசிறி நின்றது.

யாரும் விசில் அடிக்கவில்லை. அவள் திவ்யாவுக்குக் கையைக் காட்டி அந்த வரியை மறுபடி எடுத்தாள். இந்த முறை அவசரப்படாமல், அம்மா போகிற மாதிரி படிப்படியாகப் போனாள். மேலே போய் நின்றாள், இறங்கியும் வந்தாள். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்.

முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தபோது அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"மொதல் தபா ஒடஞ்சுது பாத்தீங்களாண்ணே, அது என் வயசு. அன்னிக்கி ஒடஞ்சது உங்க டேப்பு. எது எதுன்னு இனிமேலாவது ஜனங்களுக்குத் தெரியட்டும்."

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பெரியவர்களின் பாட்டை அப்படியே கொடுக்க வேண்டும் என்கிற வெறி இருக்கட்டும், அது நல்லதுதான். ஆனால் எதிரில் நின்று பாடுகிற ஒருத்தி, வீட்டில் வருகிறது, இங்கே வரவில்லை என்று சொன்னால், அவள் தொண்டையைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் போய் உங்கள் மெஷினைத் திறந்து பாருங்கள்.